பிறந்தநாள் மதியச் சாப்பாடு: தொட்டிப்பாலமா, முட்டமா, தோப்புப் பந்தியா?

நாகர்கோவிலில் பிறந்தநாள் என்றால் ஏசி ஹால், பிரியாணி, சுவரில் பலூன் என்று எல்லாம் ஒரே அச்சாகிவிட்டது. வேறு மாதிரி செய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது காட்சியை: அருவி, கடல், பாலம். மதியச் சாப்பாட்டுக்கு அப்படித் தேடினால் சரிவராது. பன்னிரண்டரை மணி தொடங்கி 2 மணி நேரம் கூட்டமாக உட்காரப் போகிறீர்கள். நிழல் உண்டா, குழம்பு கெடாமல் நிற்குமா, மூட்டுவலி உள்ள பாட்டா எதில் உட்காருவார், கழிப்பறை எவ்வளவு தூரம் என்ற நாலையும் பார்த்த பிறகே காட்சிக்குப் போகவேண்டும். கீழே உள்ள கணக்கெல்லாம் 20 பேருக்கு.

திருவட்டாறு பக்கத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பட்டணங்கால் என்ற பாசனக் கால்வாயின் தண்ணீரைக் கொண்டுபோக, பறளியாற்றுக்குக் குறுக்கே 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் 1966-இல் கட்டி முடித்த பாலம் அது. பார்க்கச் சலிக்காத இடம்தான். ஆனால் மேல்நடைபாதையில் மதியம் ஒரு பொட்டு நிழல் கிடையாது, சிமெண்டு கொதிக்கும். சாப்பிடக் கீழே ஆற்றோரத்துக்குத்தான் இறங்கவேண்டும். படிகள் அதிகம், தூக்குவாளியும் தண்ணீர் கேனுமாக இறங்குவதைவிட, சாப்பிட்ட வயிற்றோடு ஏறுவது கடினம். பிள்ளைகளும் வாலிபர்களும் மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். 60 தாண்டியவர்கள் நாலு பேர் இருந்தால் மதியத்துக்கு இது வேண்டாம், 4 மணிக்குப் போய் நடந்துவிட்டு வாருங்கள்.

அங்கே கொண்டுபோகும் சாப்பாட்டில்தான் பாதிப்பேர் சறுக்குவார்கள். காலை 7 மணிக்கு வைத்த அவியலைச் சூட்டோடு மூடிக் கட்டினால் 1 மணிக்குப் புளித்த வாடை வரும். பச்சைத் தேங்காய் அரைத்த கறி எதுவும் மூடிய பாத்திரத்தின் புழுக்கத்தைத் தாங்காது. ஓலன் இன்னும் மோசம், அதில் தேங்காய்ப்பால். தீயல் அப்படியல்ல: தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்து, புளி ஊற்றி, எண்ணெய் தெளிய வைப்பதால் சாயங்காலம் வரை அசையாது. ஆகவே கட்டுச்சோற்றுக்கு உள்ளித் தீயல், புளிசாதம், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) உப்பேரி என்ற வறுவல், நார்த்தங்காய் ஊறுகாய் போதும். அசைவம் என்றால், மண்சட்டியில் முந்தின நாள் ராத்திரி வைத்து, காலையில் ஒருமுறை கொதிக்கவிட்ட அயிலை மீன் குழம்பும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு). 20 பேருக்குத் தோலோடு 5 கிலோ மரச்சீனி வேண்டும். முதல் கொதித் தண்ணீரை வடித்துவிட்டு மறுதண்ணீரில் உப்புப் போட்டு வேகவிடுங்கள். வடிக்காவிட்டால் சில கிழங்கில் கசப்பு தங்கிவிடும்.

திற்பரப்பு இதே பக்கம்தான். அருவியில் குளிக்கப் போங்கள், சாப்பிடப் போகவேண்டாம். ஈரத் துணியோடு பிள்ளைகள் 11 மணிக்கே பசி என்று நிற்பார்கள். கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கவே விடமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேரும். குலசேகரம் பக்கம் தெரிந்தவர்களுடைய ரப்பர் தோட்டத்தில் ஜமுக்காளம் விரிக்கலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் மாதம் பார்க்கவேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்ந்து தலைக்கு மேல் வெறும் கம்பாக நிற்கும். மழைக்காலத்தில் பால் வடியும் சிரட்டையில் தண்ணீர் தேங்கிக் கொசு.

கடற்கரை மீன் சாப்பாட்டுக்கு முட்டம்தான் எங்கள் முதல் தேர்வு. பாறையும் கலங்கரை விளக்கமும் பக்கத்தில், நாகர்கோவிலிலிருந்து தூரமும் குறைவு. ஆனால் இங்கே நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதப் பிறந்தநாள் என்றால் மேற்குக்கரையில் விசைப்படகு மீன் தாராளம். ஜூலை என்றால் சின்னமுட்டத்தில் விசாரியுங்கள். ஜூன் முதல் 2 வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு. வள்ளத்தில் (சிறு படகில்) வரும் கொஞ்ச மீனும் வெளியூர் ஐஸ் மீனும்தான், விலையும் ஏறி நிற்கும். அந்த 14 நாளுக்குள் பிறந்தநாள் வந்தால் மீனை மறந்துவிட்டு இலைச் சாப்பாட்டுக்கு மாறுங்கள்.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை. மேற்குக் கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை, கிறிஸ்தவக் கோயில், ஓய்வு. அன்றைக்கு மதியம் தட்டில் விழுவது சனிக்கிழமை மீன். சனிக்கிழமை மதியம் வைத்துக்கொண்டால் அன்றைய மீனே கிடைக்கும். சிறிய சாப்பாட்டுக் கடையில் 20 பேர் சொல்லாமல் போய் நின்றால் பொரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும். முந்தின நாளே சொல்லிவையுங்கள். நெய்மீன் (வஞ்சிரம்) கேட்டால் மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்ட பிறகு விலை பேசுங்கள். வாங்கிக்கொடுத்துச் சமைக்கச் சொல்வதானால் 20 பேருக்கு முழு மீன் 6 கிலோ. தலை, குடல் போனால் மூன்றில் ஒரு பங்கு குறையும். செவுள் சிவப்பாக, கண் குழியாமல் இருக்கவேண்டும். கடற்கரையில் வாழை இலை மட்டும் வேண்டாம். ஜூன், ஜூலைக் காற்றில் அப்பளமும் இலையும் சேர்ந்து பறக்கும்; விளிம்புள்ள எவர்சில்வர் தட்டுதான் தாங்கும்.

அரண்மனைச் சாப்பாடு என்று ஆசைப்படுபவர்கள் பத்மநாபபுரத்தைச் சொல்வதுண்டு. அரண்மனையின் ஊட்டுப்புரையை (சாப்பாட்டுக்கூடம்) பார்க்கலாம், அங்கே சாப்பிட முடியாது. திங்கள் விடுமுறை, மதியமும் இடைவேளைக்கு அடைப்பார்கள். காலை 9 மணிக்கு உள்ளே போய் 11 மணிக்கு வெளியே வந்தால் தக்கலைப் பக்கம் எந்தப் பந்திக்கும் நேரம் சரியாக இருக்கும்.

எல்லாவற்றையும் எடைபோட்டால் ஜெயிப்பது தோப்புப் பந்திதான்: சொந்தக்காரருடைய தென்னந்தோப்பு, அல்லது முற்றமுள்ள பழைய ஓட்டு வீடு. நம்மூர் பிள்ளைகளில் பலர் கல்யாண மண்டபத்துக்கு வெளியே இலைச் சாப்பாட்டைப் பார்த்ததே இல்லை; அவர்களுக்கு இதைவிடப் புதுமையான இடம் கிடைக்காது. அடுப்புப் பக்கத்திலேயே பந்தி என்பதால் அவியலும் ஓலனும் பயமில்லாமல் வைக்கலாம். கிணறு, கழிப்பறை, பாட்டிக்குக் கட்டில், எல்லாம் உண்டு.

ஆனால் தென்னைக்கு அடியில் பந்தி போடவே கூடாது. முற்றின தேங்காயும் காய்ந்த மட்டையும் சொல்லிக்கொண்டு விழாது. முந்தின வாரமே மரமேறுபவரை வைத்து வெட்டி இறக்கினாலும் மா, அயனி, பலா நிழலே நல்லது. தென்னை நிழல் 20 நிமிடத்தில் நகர்ந்து வெயில் முகத்தில் அடிக்கும். 20 பேருக்கு 25 தலைவாழை இலை, 3 கிலோ அரிசி, அவியலுக்கு 2½ கிலோ காய்கறியும் 3 தேங்காயும். பருப்புப் பாயசத்துக்குச் சிறுபருப்பு அரைக் கிலோ, வெல்லம் 1 கிலோ, 4 தேங்காய். ஆறினால் இறுகும் என்பதால் ஒரு பக்குவம் இளக்கமாகவே இறக்குங்கள். உருளி, வார்ப்பு போன்ற பெரிய பாத்திரங்கள் வாடகைக்கடையில் கிடைக்கும்.

போளியை மட்டும் வீட்டில் செய்யாமல் சொல்லி வாங்குங்கள், 25 போதும். இலையில் போளியை வைத்து, விரலால் நாலாகப் பிய்த்து, சூடான பால்பாயசத்தை மேலே ஊற்றி, போளியின் ஓரம் ஊறி நடுப்பூரணம் கரையத் தொடங்கும் நேரத்தில் பிசைந்து எடுக்கவேண்டும். பாயசம் ஆறியிருந்தால் போளி ஊறாமல் ரப்பராக நிற்கும். இந்த ஒன்றுக்காகவே சமையல் பக்கத்தில் நடக்கவேண்டும் என்கிறோம். மட்டிப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் வாழைப்பழம். தோல் மெல்லியது, குலையோடு கொண்டுபோய் அங்கே உரியுங்கள். சீப்பாகப் பையில் போட்டால் போய்ச் சேரும்போது கறுத்திருக்கும்.

தோப்பு இல்லாதவர்களுக்கு: அசைவக் கூட்டம், சனிக்கிழமை, தடைக்காலம் இல்லை என்றால் முட்டம். முழுக்க இளவட்டம், ஜனவரி பிப்ரவரி என்றால் மாத்தூர். எங்கே போனாலும் பிரஷ் கிரீம் கேக் வேண்டாம், மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் சரிந்துவிடும். பேக்கரியில் கிரீம் இல்லாத பிளம் கேக் சொல்லி, பந்திக்கு முன்பே வெட்டிவிடுங்கள். பாயசத்துக்குப் பிறகு கேக்கை யாரும் தொடமாட்டார்கள்.