சொனோரன் பாலைவனப் பூக்கள்: மார்ச்சா, மே மாதமா, ஆகஸ்டா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சொனோரன் பாலைவனப் பூக்களைப் பார்க்க எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மார்ச் என்றுதான் சொல்வார்கள். பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கு நடுவே இருக்கும் பிகாச்சோ பீக் மலைச் சரிவில், நல்ல வருடமாக இருந்தால், ஆரஞ்சு கலந்த மஞ்சளில் மெக்சிகன் பாப்பியும் (நம் கசகசாச் செடியின் குடும்பம்) இடையிடையே ஊதா லூபின் பூவும் மண்ணே தெரியாமல் பூத்துக் கிடக்கும். அந்த 'நல்ல வருடம்' என்பதில்தான் சிக்கல். முந்தைய இலையுதிர் காலத்திலேயே கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர் மழை ஒரே மூச்சில் பெய்து மண்ணை நனைக்க வேண்டும், அப்புறம் குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டாவது தூற வேண்டும், இல்லையென்றால் விதை மண்ணுக்குள்ளேயே தூங்கிவிடும். அத்தனையும் கூடிவந்தாலும் வெயில் ஏறிய பிறகுதான் இதழ் விரியும், மேகம் மூடினால் திரும்பக் குவிந்துகொள்ளும். பக்கத்துக் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனப் பள்ளத்தாக்கில் வந்த 1998, 2005, 2016 பெரும்பூப்புகளும் இதே குளிர்கால மழைக் கணக்குதான்.

மே மாதத்தில் பூக்கும், மரம்போல உயர்ந்த சகுவாரோ கள்ளிக்கு இந்தக் கவலை இல்லை. தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால் வறண்ட வருடத்திலும் பூக்கும். வெள்ளைப் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். இரவில் வௌவால், பகலில் தேனீயும் புறாவும். நிச்சயமாகப் பூ பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பூ உச்சியில் இருக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.

என் ஓட்டு ஆகஸ்டுக்கு. ஜூலையில் இடியோடு தொடங்கும் கோடை மழை, குளிர்கால மழையைவிட நம்பகமானது. மார்ச்சில் பாப்பி பூத்த அதே நிலத்தில், சூடான மண் நனைந்தால் மட்டுமே முளைக்கும் வேறு விதைகள் காத்திருக்கின்றன. அவற்றில் 'அரிசோனா பாப்பி' என்று ஒன்று உண்டு, பெயர்தான் பாப்பி. குனிந்து எண்ணிப் பாருங்கள்: நிஜப் பாப்பிக்கு நான்கு இதழ், இதற்கு ஐந்து. இலையைப் பார்த்ததுமே நமக்குப் பிடிபட்டுவிடும், இது நெருஞ்சியின் குடும்பம்! நெருஞ்சிப் பூவையே பல மடங்கு பெரிதாக்கி ஆரஞ்சு பூசியதுபோல இருக்கும். பொழுது சாய்ந்தால் அங்கேயே ஒரு காட்டு ஊமத்தை, கையகலத்துக்கும் பெரிய வெள்ளைப் பூவை விரித்து அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கும். மார்ச் கூட்டம் இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுகிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குறையும் உண்டு. வெக்கை தாங்காது, மழையும் திட்டுத் திட்டாகத்தான் பெய்யும், சாலைக்கு இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் வெறும் மண் என்றிருக்கும். அதனால் மழை எங்கே பெய்தது என்று கேட்டு வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து அந்த இடத்துக்கே போங்கள், காலையிலேயே. பிற்பகலில் மேகம் திரண்டால் காய்ந்த ஓடைப் பக்கம் இறங்கவே வேண்டாம், எங்கோ பெய்த மழை திடீரென்று அதில் வெள்ளமாக வந்துவிடும்.