ஊர்வலமும் இழப்பீடும்

1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய படையினருக்கு அமெரிக்கா இரண்டு வகையில் கடன் தீர்க்க முயன்றது. முதலாவது ஊர்வலம். போர் ஓய்ந்து நான்கு மாதங்கூட ஆகாத ஜூன் 8 அன்று, தளபதி ஷ்வார்ஸ்காப் முன்னே நடக்க, ஏறத்தாழ 8,000 பேர் வாஷிங்டன் வீதிகளில் அணிவகுத்தனர். டாங்கிகளும் உடன் உருண்டன. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் காகிதத் துணுக்குகள் மழையாய்ப் பொழிந்தன. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு இத்தகைய வரவேற்பு வாய்க்கவில்லை என்பதால், இதை வெறும் ஆரவாரம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது சட்டம், என் கணிப்பில் இதுவே கனமானது, தாமதமானதும் இதுவே. தீராத சோர்வு, மூட்டுவலி, மறதி என்று வந்தவர்களின் நோய்க்கு மருத்துவர்களால் பெயர் சொல்ல முடியாத நிலையில், பெயரில்லாத நோய்க்கும் இழப்பீடு வழங்கலாம் என்று 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்ததை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது (இங்கும் காகிதம்தான், ஆனால் வேறு வகை). ஈராக்கின் கமிசியாவில் 1991 மார்ச்சில் அமெரிக்கப் படையினரே தகர்த்த கிடங்கில் சாரின் என்னும் நரம்பு நச்சு இருந்ததைப் பென்டகன் 1996-இல்தான் ஒப்புக்கொண்டது. படைமுகாம்களின் கழிவைத் திறந்தவெளியில் எரித்த எரிகுழிகளின் புகையால் வந்த நோய்களுக்கு விரிவான சட்டம் வருவதற்கோ 2022 ஆயிற்று.