ஒரு கிலோ கலவைக் காசு மூட்டை: விற்றவர் படிக்காமல் விட்டவை

எடைபோட்டு விற்கப்படும் பழங்காசு மூட்டைகளுக்கே உரிய ‘யாரும் கை வைக்காத சரக்கு’ என்ற வாக்குறுதியுடன்தான் இந்த ஒரு கிலோ மூட்டையும் வந்து சேர்ந்தது. நாணயங்கள், டோக்கன்கள், பதக்கங்கள் என மொத்தம் 211 உருப்படிகள் அதில் இருந்தன. ஒரு காந்தம், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, விட்டம் அளக்கும் கருவி, பக்கவாட்டில் ஒளி வீசும் மேசைவிளக்கு ஆகியவற்றைக் கொண்டு அவற்றை அடையாளம் காண எனக்கு மூன்று வார மாலைகள் பிடித்தன.

வாக்குறுதி பொய் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மூட்டையில் பிரிட்டனின் ஷில்லிங்குகளும் ஃபுளோரின்களுமாக 38 காசுகள் இருந்தன. இவ்வகைக் காசுகள் 1919 வரை 92.5 விழுக்காடு வெள்ளியிலும், 1920 முதல் 1946 வரை 50 விழுக்காடு வெள்ளியிலும் அடிக்கப்பட்டு, 1947-இல் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்கு மாறியவை. அந்த 38-இல் ஒன்றுகூட 1947-க்கு முந்தையதாக இல்லை. அமெரிக்காவின் பத்து சென்ட் காசுகளான டைம்களும் அப்படியே: வெள்ளி நின்றுபோன 1965-க்கு முன்னால் ஒன்றும் கிடையாது. தற்செயலாக விழுந்த கலவையில் இவ்வளவு சுத்தமான எல்லைக்கோடு அமையாது; யாரோ உட்கார்ந்து நிதானமாகப் பொறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் பொறுக்கியவர் ஆங்கில எண்களில் ஆண்டு பொறித்த காசுகளை மட்டுமே படித்திருக்கிறார். மூட்டையிலிருந்த ஒரே வெள்ளிக்காசு தப்பியதற்குக் காரணம் அதுதான். உதுமானியப் பேரரசின் 2 குருஷ் காசு அது, எடை 2.4 கிராம், காந்தத்தில் ஒட்டவில்லை. அதில் அரபு எண்களில் 1327 என்றிருப்பதைக் கண்டு அப்படியே 1909 என எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. 1327 என்பது சுல்தான் ஐந்தாம் முகமது ரஷாத் அரியணை ஏறிய ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டு. அவர் ஆட்சி முழுவதும் காசுகளில் அந்த ஆண்டே பொறிக்கப்பட்டது. அடிக்கப்பட்ட ஆண்டை அறிய, தனியாகச் சிறிதாகப் பொறித்திருக்கும் ஆட்சியாண்டைத் தேட வேண்டும். இதில் அது 3. ஆகவே ஹிஜ்ரி 1329, அதாவது 1911-ஐ ஒட்டிய காலம்.

விளம்பரப் படத்தில் முன்னால் வைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிற வில்லை பார்வைக்குப் பொற்காசு போலவே இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை, மறுபக்கம் குதிரைவீரன், 1837 என்ற ஆண்டு. ஆனால் பிரிட்டனின் பொற்காசான சவரன் 7.98 கிராம் இருக்க வேண்டும். இதுவோ பாதி எடைகூட இல்லாத பித்தளை. குதிரைக்கு மேலே ‘ஹனோவருக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் படித்தால் விஷயம் விளங்கிவிடும். 1837-இல் விக்டோரியா பிரிட்டனின் அரசியானபோது, அதுவரை பிரிட்டனின் அரசரே ஆண்டுவந்த, பெண் அரியணை ஏற இடம் தராத ஜெர்மானிய அரசான ஹனோவர் அவருடைய சிற்றப்பாவான கம்பர்லாண்ட் கோமகனிடம் சென்றது. மக்களின் வெறுப்புக்கு ஆளான அந்த மனிதர் நாட்டைவிட்டுப் போனதைக் கேலி செய்து அடிக்கப்பட்ட இந்த வில்லைகள், பின்னர் பல பத்தாண்டுகள் சீட்டாட்டக் கணக்குக்குப் பயன்பட்டன. ஏமாந்தவர்களிடம் இவற்றைச் சவரன் என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. படத்தில் இதை முன்வரிசையில் வைத்தவருக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கலாம் என்பது என் ஐயம்.

‘இடைக்கால நாணயம்’ என்று எழுதிய உறையில் கிடைத்தது நாணயமே அல்ல. நடுவில் ரோஜா, அதைச் சுற்றி மாறிமாறி மூன்று மகுடங்களும் மூன்று லில்லி மலர்களும், மறுபக்கம் சிலுவை பொருத்திய அரச உருண்டை. விளிம்போரம் ஹான்ஸ் கிராவிங்கல் என்ற பெயரும் நியூரம்பர்க் என்ற ஊரும் தெளிவாகவே இருந்தன. கோடிட்ட பலகையில் நகர்த்திக் கணக்குப் பார்ப்பதற்காக அந்நகரப் பட்டறைகள் ஐரோப்பா முழுவதற்கும் அடித்துத் தந்த பித்தளை வில்லை இது. உறையில் தவறாக எழுதியிருந்தாலும், இந்த மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பதக்கங்களில் பெரும்பாலானவை பெயரற்ற விளையாட்டுப் போட்டிப் பரிசுகள். அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. வளையம் முறிந்து, நாடாவும் இல்லாமல் கிடந்த 36 மில்லிமீட்டர் வெண்கல வில்லை ஒன்றை நானும் முதலில் அந்தக் குவியலில்தான் போட்டேன். ஒரு பக்கம் சிறகு விரித்த வெற்றித் தேவதை, மறுபக்கம் 1914-1919. இரண்டு நாள் கழித்து விளிம்பை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை வரிசையாகத் தெரிந்தன. அது முதல் உலகப்போரின் பிரிட்டானிய வெற்றிப் பதக்கம். இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டதாயினும், விளிம்பில் இருக்கும் எண்ணைக்கொண்டு அவரைப் படைப் பதிவேடுகளில் தேட முடியும் என்பதால், இதைப் பொதுவான பதக்கமாகக் கருத முடியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இராமர் பட்டாபிஷேகக் காட்சியும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் கொண்ட மூன்று செம்பு வில்லைகளை ‘அரிய நாணயம்’ என்று குறித்திருந்தார்கள். கம்பெனி அப்படியொன்றைப் புழக்கத்துக்கு விட்டதே இல்லை. அவை பிற்காலத்தில் அடிக்கப்பட்டவை. தவிர, எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி அனுப்பியதால் புதிய கீறல்கள் விழுந்திருக்கின்றன. அதைவிடப் பெரிய குற்றம், சில செம்புக்காசுகளைப் பளபளக்கத் தேய்த்திருப்பது. நூறாண்டுகளில் படிந்த நிறம் ஒருமுறை போனால் திரும்பாது.

வெள்ளி கிடைக்கும் என்ற ஆசையில் இதை வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அறியாத எழுத்துகளோடு மல்லுக்கட்டும் பொறுமை உள்ளவர்கள், அயல் எழுத்துக் காசுகளும் பித்தளை வில்லைகளும் மிகுந்த மூட்டையாகக் கேட்டு வாங்கலாம். பதக்கம் ஏதேனும் இருந்தால், முன்பக்கப் படத்தோடு நின்றுவிடாமல், அதன் விளிம்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.