சைலன்சர் பைப்: பின்னாலா, வலப்பக்கமா?

என் பழைய டாடா 207 சரக்கு வண்டியின் சைலன்சர் பைப் போன ஐப்பசியில் நடுரோட்டில் இற்று விழுந்தது. பழையபடி பின்கதவு வரை கொண்டுபோவதா, பின்சக்கரத்துக்கு முன்னாலேயே வலப்பக்கம் திருப்பி விடுவதா என்று பட்டறையில் அரை நாள் பேச்சு. கடைசியில் வலப்பக்கம் விட்டேன். அதனால் நான் பேசுவது கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

இடப்பக்கம் விடும் யோசனைக்கே இடமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆவது, புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக் கூடாது, வலப்பக்கமோ பின்னாலோ போக வேண்டும் என்கிறது. டிராக்டர் மாதிரி மேலே தூக்கி நிறுத்தினால் சரக்கு ஏற்றும்போது இடைஞ்சல்.

பின்வழிக்கு உள்ள பெரிய நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: புகையும் சத்தமும் ஓட்டுபவரை விட்டுத் தள்ளிப் போய்விடும். பராமரிப்பு என்று வரும்போதுதான் எனக்கு அது கசக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு வெளியேறும். பைப் நன்றாகச் சூடானால் கவலையில்லை. என் வண்டியோ விடிகாலையில் கிளம்பி 9 கிலோமீட்டர் தள்ளி ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு நின்றுவிடும். பைப் சூடேறி முடிப்பதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. பின்வழிப் பைப் சைலன்சரிலிருந்து மேலே ஏறி, ஆக்சில் ஹவுசிங்கை, அதாவது பின்சக்கர அச்சின் கூட்டைத் தாண்டி, மறுபடி இறங்க வேண்டும். ஆவி குளிர்ந்து தண்ணீரானால் அந்த மேட்டைத் தாண்டாது. திரும்பி வந்து சைலன்சர் அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். பழைய சைலன்சரைக் கழற்றிச் சாய்த்தபோது இரண்டு டம்ளர் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. மேலே ஏறும் வளைவில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், வாழைத்தண்டில் போவது மாதிரி உள்ளே போனது. சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் ஓரளவு வடியும். ஆனால் சேறு அதை அடைத்துவிடுகிறது.

அந்த மேட்டில் இன்னொரு வம்பும் உண்டு. பட்டறையில் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைத் தூக்கி ஜாக்கி கொடுத்தால் ஆக்சில் தொங்கும், பைப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே தாராளமாக இடைவெளி தெரியும். ஒரு டன் ஏற்றி ஸ்பிரிங் பட்டை அமுங்கியதும் அந்த இடைவெளி காணாமல் போகும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டங்கென்று ஒரு சத்தம் வரும். பின்வழிதான் வேண்டும் என்பவர்கள், சக்கரம் தரையில் இருக்க, லோடு ஏற்றி அளந்து பார்த்த பிறகு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

வலப்பக்க வழியில் ஒரே ஒரு பெண்ட்தான். வாயை நோக்கி லேசான சரிவு கொடுத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். சில பட்டறைகளில் வாயைக் கீழே பார்க்க வைத்துவிடுகிறார்கள், அது விதிப்படி தவறு. டீசல் லைனிலிருந்து 35 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது 113ஆவது விதி. டயருக்கும் ஒரு சாண் விட்டேன். எந்த வழியானாலும் பைப்பை சேஸோடு வெல்டிங் வைக்காமல் ரப்பரில் தொங்கவிடுங்கள், இன்ஜின் ஆட்டத்துக்கு ஃபிளேஞ்ச் (பைப்பை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) விரிசல் விடாது.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சிக்னலில் நின்றால் புகை ஜன்னலுக்கு வருகிறது. முந்திப் போகும் பைக் ஓட்டுபவர்கள் திரும்பி முறைக்கிறார்கள். மேலும் ஒரே ஒரு மழைக்காலம்தான் தாண்டியிருக்கிறேன். தினமும் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் பைப் காய்ந்துவிடும், அவர்களுக்குப் பின்வழியே மேல் என்று நினைக்கிறேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) உள்ள பிந்தைய வண்டிகளுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது, அங்கே வெட்டவே வேண்டாம்.

முதல் வாரமே தார்ப்பாயின் தொங்கும் ஓரம் உருகிவிட்டது. இப்போது வலப்பக்கம் மட்டும் ஒரு மடிப்பு தூக்கிக் கட்டுகிறேன்.