அந்த மூன்று மில்லிமீட்டர்: ஆறு இன்ச் பெஞ்ச் கிரைண்டரோடு மூன்று வருஷம்

பினாங்கு பிறையில் இருக்கும் என் மச்சான் போன வாரம் கேட்டார்: "உங்க வீட்டுல இருக்கிற அதே கிரைண்டர் இப்ப 180 வெள்ளிக்குப் போட்டிருக்காங்க, எடுக்கட்டுமா மச்சான்?" கத்தி, உளி தீட்டும் சாணைக்கல் மெஷின் அது, நான் 240 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டாரில் குறையே இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிற பாராங் வெட்டுக்கத்தியும் அருவாமனையும் பாதிக்கு மேல் பட்டர்வொர்த் வீட்டுப் பின்கட்டில் என் பெஞ்சு மேல்தான் கிடக்கும். சாயங்காலம் முழுக்க ஓட்டினாலும் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். கனமான மரப் பெஞ்சில் நாலு போல்ட்டு போட்டு இறுக்கிய நாளிலிருந்து ஆட்டமும் கிடையாது. சுவிட்சை அணைத்த பிறகும் கல் வெகுநேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஓயும்வரை நான் பக்கத்தை விட்டு நகர மாட்டேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் கோபமெல்லாம் டூல் ரெஸ்ட் மேல், அதாவது தீட்டும் இரும்பைத் தாங்க கல்லுக்கு முன்னால் இருக்கும் தகட்டின் மேல்.

கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே பொறி தடுக்கும் நாக்குத் தகட்டுக்கு 6 மில்லிமீட்டர். கல் தேயத் தேய இடைவெளி கூடும், அப்போதைக்கப்போது நகர்த்தி வைக்க வேண்டும். அது இந்த வேலையோடு வருவது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதில் கொடுத்திருப்பது மெல்லிய தகடு, ஒரே ஒரு பிளாஸ்டிக் திருகு. எவ்வளவு இறுக்கினாலும் பத்து நிமிஷ அதிர்வில் நெகிழ்ந்துவிடும்.

போன மாசம் ஒரு பழைய உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரெஸ்ட் சரிந்தது கண்ணுக்கே தெரியவில்லை. உளி முனை "சடக்"கென்று கீழே இழுபட்டு, கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டது. கல்லின் ஓரம் பெயர்ந்து தெறித்து முகக் கவசத்தில் அடித்தது. கட்டைவிரல் நகம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. ஆறு இன்ச் கல் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கவசம் இல்லாமல் நின்றிருந்தால் என் கண் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கையுறை போடாததும் நல்லதாகப் போயிற்று. துணியைக் கல் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

புதுக் கல் வாங்க இரும்புக் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே மூன்று கல் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் நடு ஓட்டையில் விரல் விட்டுத் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினேன். இரண்டு கல் கணீரென்றன. ஒன்று மட்டும் விரிசல் விட்ட மண்பானையைத் தட்டினாற்போல 'டொக்' என்றது. கண்ணால் பார்த்தால் கீறல் எதுவும் இல்லை. தவுக்கேயும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதைத் தனியே எடுத்து வைத்தார். கல்லில் அச்சடித்திருக்கும் சுற்று வேகம் மோட்டார் வேகத்தைவிடக் கூடுதல்தானா என்றும் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். இடப்பக்க நட்டு இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். கல்லின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் அட்டை வட்டத்தைப் பிய்க்கக் கூடாது. கல்லை இரு பக்கமும் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச் சமமாக அழுத்த அதுதான் மெத்தை. மாட்டி முடித்து, கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டேன்.

டூல் ரெஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு போல்ட்டு, ஸ்பிரிங் வாஷரோடு. பெஞ்சுக் காலில் 3 மில்லிமீட்டர் அலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கல் நின்றிருக்கும்போது அதை இடைவெளியில் விட்டுப் பார்ப்பேன். லொடலொட என்று போனால் ஸ்பானரை எடுத்துவிட வேண்டியதுதான். பட்டை போட்டதிலிருந்து அது ஒருமுறைகூட அசையவில்லை. இப்போது உளியை வைத்தால் பாறையில் வைத்தது போல நிற்கிறது. சூட்டில் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும் என்று அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்கிறேன். பொறி சீராகக் கீழே இறங்கும்போது பார்க்கவே மனசு நிறைகிறது. அலுமினியச் சட்டம் கொண்டு வருகிறவர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவேன். அது கல்லின் துளைகளை அடைத்துச் சூடேற்றும், கல் வெடிக்கவும் கூடும்.

இந்த மோட்டாருக்கு நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆனாலும் மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 180 இல்லை, 100 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். விரல் வைக்கும் இடத்தில் காசை மிச்சம் பிடித்தவர்கள் செய்த மெஷின் அது. அவர் பாராங்கைச் சனிக்கிழமை என் வீட்டுக்கே கொண்டு வரட்டும்.