டொயோட்டா 86: கேம்பர் போல்ட்டா, ஸ்வே பாரா, காயிலோவரா?

2012-இல் டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களுமே ஜப்பானின் குன்மா மாநிலத்தில் உள்ள சுபாரு ஆலையிலிருந்துதான் வந்தன. எஞ்சின் ஒன்று, உடம்பும் ஒன்று. ஆனாலும் 86-இன் பின்பக்கம் சீக்கிரம் வழுக்கும். பிஆர்இசட் கொஞ்சம் அடக்கமான பிள்ளை. வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பிரிங்கில். சுபாரு முன்னால் சற்று விறைப்பாகவும் பின்னால் மென்மையாகவும் வைத்தது. டொயோட்டா அதைத் திருப்பிப் போட்டது. ஆக, இந்தக் காரில் கை வைக்கும்போது எவ்வளவு விறைப்பு என்பதைவிட எந்தப் பக்கம் விறைப்பு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிராக்கில் வழக்கமாகக் கேட்கும் புகார் அண்டர்ஸ்டியர்: ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவது. உடனே எல்லோர் கண்ணும் தடிமனான பின்பக்க ஸ்வே பார் மேல் விழும். இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. வளைவில் வெளிச்சக்கரத்துக்கு மாறும் சுமையில் பின்பக்கத்தின் பங்கு கூடுவதால் முன் டயர்கள் கொஞ்சம் மூச்சு விடும், மூக்கு உள்ளே வரும். காயிலோவரோடு (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுப்பு) ஒப்பிட்டால் விலையும் சொற்பம். ஆனால் முன்பக்கப் பிடிப்பைப் பெரிதாகக் கூட்டாமல் பின்பக்கப் பிடிப்பைக் குறைத்து வாங்கிய சமநிலை அது. மழை பெய்தால் தெரியும். போதாக்குறைக்கு, பாரை மிகவும் விறைப்பாக்கினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கும். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் இந்தக் காரின் டார்சன் டிஃப்ரென்ஷியலுக்கு இரு சக்கரத்திலும் ஓரளவு பிடிப்பு வேண்டும். ஒன்று காற்றில் தொங்கினால் சக்தி அந்தப் பக்கம் வீணாகச் சுழலும்.

கேம்பர் போல்ட் இதைவிட மலிவு, நோயின் வேரையும் தொடுகிறது. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்யம். முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன். கார் சாயச் சாய சக்கரத்தைப் போதுமான அளவு உள்ளே சாய்த்துக் கொடுக்க அதனால் முடியாது. ஒரு டிராக் நாள் முடிந்ததும் முன் டயரைத் தடவிப் பாருங்கள். வெளித்தோளில் ரப்பர், அழிப்பான் துகள் மாதிரி சுருண்டு ஒட்டியிருக்கும். உள்விளிம்பிலோ புது டயரின் ரப்பர் முடிகூட உதிராமல் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய டயரில் பாதி தரையைத் தொடவே இல்லை!

ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் கழற்றி, மையம் விலகிய போல்ட்டைப் போட்டுத் திருகினால் ஒரு டிகிரி, சில சமயம் அதற்கும் மேல் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கும். அப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம், ஏனென்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறிவிடும். 'கேம்பர் வைத்தால் டயர் தேயும்' என்று பயமுறுத்துவார்கள். அளவோடு வைத்த கேம்பரைவிடக் கவனிக்காமல் விட்ட டோதான் டயரை அதிகம் தின்னும்.

லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க்க அழகு, சரி. ஆனால் ஸ்ட்ரட் காரைத் தாழ்த்தினால் முன் ரோல் சென்டர் (வளைவில் காரின் முன்பக்கம் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி) காரைவிட அதிகமாக இறங்கும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் சீக்கிரம் இடித்து, வளைவின் நடுவே அந்தப் பக்கம் திடீரென்று கல்லாகும்.

காயிலோவரில் எல்லாவற்றையும் மாற்றலாம்: உயரம், மூலை எடை (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை), டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் வலு), மேலே கேம்பர் பிளேட் இருந்தால் கேம்பரும். ஆனால் பலர் நினைப்பதுபோல டேம்பர் குமிழைத் திருகி நீண்ட வளைவின் அண்டர்ஸ்டியரைப் போக்க முடியாது. சுமை மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான், அதாவது வளைவில் நுழையும்போதும் வெளியேறும்போதும்தான், டேம்பருக்குப் பேச்சு. மலிவான காயிலோவரை விட ஒரிஜினல் டேம்பரே மேல்.

என் வரிசை: முதலில் கேம்பர் போல்ட், அலைன்மென்ட். அடுத்து டயர், ஏனென்றால் ஆரம்பத்தில் வந்த 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி பிடிப்புக்காகப் போட்ட டயரே அல்ல. இதற்குப் பிறகும் மூக்கு தள்ளினால் பின் ஸ்வே பாருக்கு வரலாம். பல துளைகள் உள்ளதாக வாங்கி, நுனிக்கு மிக அருகிலுள்ள துளையில் மாட்டுங்கள். அதுதான் மென்மையான இடம். அடுத்த துளைக்குப் போகும் முன் ஒரு மழை நாளில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.