கொதிக்க வைப்பதா, குளோரினா, புற ஊதாக் கதிரா: கொழும்புத் தொடர்மாடிகளின் குடிநீர்

களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படும் நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் இடப்பட்ட பின்னரே கொழும்பின் குழாய்களுக்கு வருகின்றன. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் வசிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, நிலக்கீழ்த் தொட்டியிலும் மொட்டைமாடி நீர்த்தாங்கியிலும் அந்த நீர் தேங்கி நிற்கும் நேரத்தையே. அங்கே குளோரின் மெல்லக் குறைகிறது. மூடி சரியாகப் பொருந்தாத தாங்கியில் புதிய கிருமிகளும் சேர்கின்றன.

இந்தக் குறைக்குச் சமையலறைக் குழாயருகே பொருத்தப்படும் புற ஊதாக் கருவி நன்கு பொருந்துகிறது. அதன் பாதரச விளக்கு வெளியிடும், ஏறத்தாழ 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிர், கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்து, அது பெருகவியலாதபடி செய்துவிடுகிறது. நீரின் சுவை மாறுவதில்லை, காத்திருக்கவும் தேவையில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை நோயுறச் செய்த கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வழக்கமான குளோரின் அளவைத் தாங்கி நிற்கக்கூடியது. புற ஊதாக் கதிருக்கோ அது எளிதில் அடங்கிவிடுகிறது. சளியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் அடினோ வைரசுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவை குளோரினுக்கு விரைவில் அழிகின்றன. ஆனால் வீட்டுக் கருவிகளுக்கான தரநிலையில் கூறப்படும், சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல் என்ற கதிரளவு அவற்றுக்குப் போதாது.

கருவியை வாங்குவோர் அதிகம் கவனியாத விடயம் பராமரிப்பு. கலங்கிய நீரில் துகள்களின் மறைவில் கிருமிகள் தப்பிவிடுவதால், கதிருக்கு முன்னதாக வடிகட்டி அவசியம். விளக்கைச் சூழ்ந்த குவாட்ஸ் குழாயில் படியும் படிவும் கதிரை மறைக்கும். இவ்வகை விளக்குகள் பலவற்றின் ஆயுள் 9,000 மணித்தியாலம், அதாவது தொடர்ந்து எரிந்தால் ஏறத்தாழ ஓராண்டு. அதன் பின்னரும் விளக்கு நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், கண்ணால் பார்த்து அதன் வலுவை மதிப்பிட முடியாது. மேலும், கதிர் பட்ட நீரில் பின்னர் சேரும் கிருமியைத் தடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கழுவாத போத்தலில் அதை நிரப்பி வைத்தால் செய்த வேலை வீணாகிவிடும்.

குளோரின், புற ஊதாக் கதிர் இரண்டையும்விடக் கொதித்தாறிய நீர் நம்பகமானது என்பதே என் முடிவு. குமிழிட்டுக் கொதிக்கும் நிலையை எட்டிய நீரில் பக்றீரியா, வைரசு, ஒட்டுண்ணி மூன்றும் செயலிழக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் ஒன்றாக வந்தபோது, கொதிக்க வைப்பதும் கதிரூட்டுவதும் ஒருசேரக் கடினமாகின. எரிபொருளோ மின்சாரமோ வேண்டாத குளோரினை அப்படிப்பட்ட நாட்களுக்காக வைத்திருப்பது நல்லது. தெளிந்த நீரில் அளவறிந்து கலந்து 30 நிமிடம் விட வேண்டும்; வாடை சிலருக்குப் பிடிக்காது.

வறட்சியில் கடல்நீர் களனியில் மேலேறும்போது கலக்கும் உப்பை இம்மூன்றும் அகற்றா. அதற்கு, நீரை மிக நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி தேவை. அதுவோ உள்வரும் நீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றுகிறது. உப்பில்லாத காலத்தில் அந்தச் செலவு தேவையற்றது. அந்தப் பணத்தைத் தொடர்மாடியின் பொது நீர்த்தாங்கியைக் கழுவவும், குளோரினிட்டுத் தொற்றுநீக்கவும், அதன் மூடியைச் சீர்செய்யவும் குடியிருப்போர் சேர்ந்து செலவிட்டால், கருவி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அதன் பயன் கிட்டும்.